மூச்சு வாங்கும் அளவு

மரக்காணம்
18 மார்ச் 2024

மரியே வாழ்க

அன்புள்ள தமிழ்நிலா அக்காவுக்கு,

நான் மேரிசெல்வி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேனே, சொட்டு மருந்து ஏற்றும்போது பயந்து அழுதவள். ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

பேசுவதற்குத்தான் போன் நம்பர் கொடுத்தீர்கள். இரண்டு முறை போனை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். சாயங்காலமானால் எனக்கு நாக்கு தடித்துப்போகிறது. என் வீட்டுக்காரருடைய தம்பி ஒருமுறை என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னா அண்ணி, பொழுது சாயறதுக்குள்ள ஊத்திக்கினியா?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு போனைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கோ கண் மங்கல், போன் வெளிச்சம் கூசுகிறது என்றீர்கள். அதனால்தான் இப்படிப் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

இங்கே உப்பு சீசன் தொடங்கிவிட்டது. வாசலில் இருந்து பார்த்தால் பாத்திகள் வெளுத்துக் கிடப்பது தெரிகிறது. போன வருஷம் நானும் அங்கே கூடை சுமந்தேன். இப்போது நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். என் மாமியார் சாலம்மாள் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் கஷ்டம். தண்ணீர் எடுக்க எழுந்தாலே ஓடி வருகிறார். "ஒக்காரும்மா. நரம்பு நோவுக்காரி நடந்தா நரம்பு அறுந்துடும்." டம்ளரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். உட்கார்ந்து உட்கார்ந்து என் தொடை இரண்டும் யாரோ கொடுத்துவிட்டுப்போன சாமான் மாதிரி ஆகிவிட்டன.

டாக்டர் போகிற போக்கில் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். எது, எவ்வளவு, எதுவரை என்று கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நீங்கள் சைக்கிள் மிதிப்பதாகச் சொன்னீர்களே, நிஜமா? நம்மைப்போல இந்த எம்.எஸ். நோய் வந்தவர்கள் உடம்பை வருத்தலாமா? நம் உடம்பே நம் நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிறது, கரண்ட் ஒயரில் பிளாஸ்டிக் உரிகிற மாதிரி என்று நீங்கள்தான் எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். உரிந்த ஒயரில் கூடுதலாகக் கரண்ட் விட்டால் எரிந்து போகாதா?

பதில் போடுங்கள்.

உங்கள்
மேரி


குயிலாப்பாளையம்
27 மார்ச் 2024

அடியே மேரி,

உன்னை மறப்பேனா? ஆஸ்பத்திரி இட்லியை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டிப் பார்த்தவள் ஆயிற்றே நீ. எது சத்தம் போட்டது, இட்லியா கம்பியா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

சைக்கிள் நிஜம்தான். ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள் இல்லை. ஃபேனுக்கு எதிரே, நின்ற இடத்திலேயே மிதிக்கிறது. பிசியோதெரபி பார்க்கிற மலர்கொடி மேடம் ஏற்பாடு செய்து கொடுத்தார். நோய் வருவதற்கு முன்னால் நான் ஆரோவில் செம்மண் பாதையில் விடியற்காலையில் ஓடுவேன். கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போகும்போது என் செருப்பெல்லாம் சிவப்பாக இருக்கும். கால் இழுக்க ஆரம்பித்ததும் எல்லாரும் "விட்டுடு" என்றார்கள். நான் விடவில்லை. ஒரு நிமிஷம் பேய் துரத்துகிற மாதிரி மிதிப்பேன். அப்புறம் ஒரு நிமிஷம் மாடு நடக்கிற மாதிரி. மறுபடியும் பேய். இறங்கும்போது என் தம்பி மணிவண்ணன் என்னைப் பிடித்துக்கொள்வான். ஆனால் மறுநாள் காலையில் மாடிப்படி ஏறுவேன்.

உட்காராதே மேரி. உட்கார்ந்தால் நோய் ஒரு பக்கம் தின்னும், நாற்காலி இன்னொரு பக்கம் தின்னும். சும்மா காற்று வாங்க நடப்பதெல்லாம் எக்சர்சைஸ் இல்லை. வேர்க்க வேண்டும். வாயைத் திறந்தால் பேச்சு வரக்கூடாது, மூச்சுதான் வர வேண்டும். உன் மாமியாரிடம் சொல், ஒயர் எரியாது. நான் எரிந்தா போனேன்?

அன்புடன்
நிலா


மரக்காணம்
12 மே 2024

மரியே வாழ்க

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார். எழுதாமல் இருக்க மனது வரவில்லை.

நீங்கள் சொன்னபடி செய்தேன். வீட்டில் என்னிடம் சைக்கிள் இல்லை. எனக்குத் தெரிந்த கடினமான வேலை கூடை சுமப்பதுதான். மாமியார் சந்தைக்குப் போன நேரம் பார்த்து உப்பளத்துக்குப் போனேன். கூட வேலை செய்தவர்கள் "வேணாம் மேரி" என்றார்கள். கூடையை வாங்கிக்கொண்டேன். உச்சி வெயில். பாத்தியிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து மேடு. மூச்சு வாங்கியது. நீங்கள் சொன்னது இதுதான் என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் வேகமாகப் போனேன்.

அப்புறம் கண் மங்கியது. முதலில் உப்பின் வெளிச்சம் என்று நினைத்தேன். பிறகு எல்லாம் சாம்பலாகிவிட்டது. இரண்டு காலும் துணி மாதிரி துவண்டு, கூடையோடு பாத்திக்குள் விழுந்தேன். முழங்கையும் முகமும் உப்புப் படிவத்தில் உரசித் தோல் பிய்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் அதில் பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தினேன். கத்துவது யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் ஓடி வந்து தூக்கினார். "ஏன்டி இப்படிப் பண்ண? செத்துப்போவணும்னா என்கிட்ட சொல்லு, நானும் கூட வர்றேன்" என்று பாத்தியில் நின்றே அழுதார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்தோணிராஜ் அழுது நான் பார்த்ததில்லை.

மாமியார் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை வாசலிலிருந்து எடுத்து உள் அறையில் போட்டுவிட்டார். இப்போது பாத்திகூடத் தெரியாது.

உங்களுக்கு ஃபேன் இருக்கிறது, மேடம் இருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளத் தம்பி நிற்கிறான். எனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

மேரிசெல்வி


குயிலாப்பாளையம்
20 மே 2024

மேரி,

கோபம் நியாயம். ஆனால் அக்னி நட்சத்திரத்து உச்சி வெயிலில் கூடை சுமக்க நான் சொன்னேனா? இதைக் கேட்டுவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்பேன். சரி. மன்னித்துக்கொள்.

முதலில் ஒன்று சொல். கண் திரும்பி வந்ததா? உடம்பு ஆறியதும் கால் நிமிர்ந்ததா? வந்திருந்தால் பயப்படாதே. உன் கடிதத்தை மலர்கொடி மேடத்திடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார், உன்னை நினைத்து இல்லை, என்னை நினைத்து. "அவங்களுக்கு ஆகாதது வேலை இல்ல நிலா, சூடு. உடம்பு சூடேறினா உரிஞ்ச நரம்புல சேதி போவாது. ஆறினா திரும்ப வந்துடும். புதுசா எதுவும் கெட்டுப்போவல" என்றார். ஒயர் எரியவில்லை மேரி. சூட்டில் கொஞ்ச நேரம் கரண்ட் நின்றது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். நான் இன்று மிதிக்கிற மிதியை உனக்குச் சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் மிதித்ததைச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் பெடல் சுற்றினாலே போதும் என்று இருந்தேன். அதிலிருந்து இங்கே வரப் பல மாதம் ஆனது. நாற்காலியில் கிடந்தவள் எழுந்த உடனே பேயாகக் கூடாதாம்.

நீ செய்ய வேண்டியது: வெயில் ஏறுவதற்கு முன்னால், குளிர்ச்சியான இடத்தில், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, ஒருவர் துணையோடு நட. நடக்கும்போது உன் வீட்டுக்காரரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் உன் அளவு. அது சுலபமான பிறகு கொஞ்சம் கூட்டு. மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் குறைத்துவிடு. இந்த மருந்துக்கு ஆளாளுக்கு வேறு வேறு அளவு.

இந்தக் கடிதத்தை உன் மாமியாருக்குப் படித்துக் காட்டு. என்னைத் திட்டட்டும். திட்டி முடித்ததும் நாற்காலியை மறுபடியும் வாசலில் போடச் சொல்.

நிலா


மரக்காணம்
8 செப்டம்பர் 2024

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மாதா பிறந்தநாள். கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். "சூடுதான் காரணமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பி, "வா, கழிக்குப் போலாம்" என்றார். உப்பளத்துக்குத் தண்ணீர் வருகிற உப்பங்கழி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். அந்த நேரத்தில் அந்தத் தண்ணீர் சில்லென்று இருக்கும். முழங்கால் அளவு ஆழத்தில் அவர் ஒரு கையையும் மாமியார் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு என்னை நடக்க விட்டார்கள். விழுந்தாலும் சேறுதான், அடிபடாது. தண்ணீர் காலை எதிர்த்துத் தள்ளுகிறது. மூச்சு வாங்குகிறது, ஆனால் சூடு ஏறவில்லை.

நடக்கும்போது அவரோடு பேச முடிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மனிதருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. முதல் நாள் "தண்ணி ஜில்லுனு இருக்குது" என்றார். இரண்டாவது நாளும் அதையே சொன்னார். இப்போது அவருடைய சின்ன வயசுக் கதையெல்லாம் வருகிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் பேசாததை எல்லாம் கழியில் பேசிவிட்டோம்.

இப்போது கையை விட்டுவிட்டார்கள். நானே நடக்கிறேன். இடுப்பளவு தண்ணீருக்குப் போய், கொஞ்ச தூரம் வேகமாக, கொஞ்ச தூரம் மெதுவாக. பேய், மாடு. உங்கள் பெயரைச் சொல்லித்தான் மாமியார் எனக்குக் கரையிலிருந்து சத்தம் கொடுக்கிறார்: "நிலா மாதிரி போ!" சமைக்கிறேன். சாயங்காலத்தில் வருகிற அந்தக் களைப்பு, எலும்பை உருவி எடுத்த மாதிரி இருக்குமே, அது கொஞ்சம் குறைந்திருக்கிறது. வியாதி போகவில்லை என்று தெரியும். இடது கால் இன்னும் இழுக்கிறது. ஆனால் நாளில் சில மணி நேரம் நான் நோயாளி இல்லை.

ஜூலையில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லையே? கோபமா, வேலையா?

உங்கள் மேரி


குயிலாப்பாளையம்
23 நவம்பர் 2024

மேரி,

கோபமும் இல்லை, வேலையும் இல்லை. மணி எழுதுகிறான், நான் சொல்லச் சொல்ல. அவனுக்கு ஒற்றெழுத்து வராது, பொறுத்துக்கொள்.

ஜூலையில் கண் மறுபடியும் போனது. அது பாதி திரும்பியது, எழுத மனமில்லை. அக்டோபரில் ஒரு காலையில் எழுந்தேன், இடுப்புக்குக் கீழே கட்டில்தான் இருந்தது. என் கால் இல்லை. மணி என்னைக் கல்யாணப் பெண்ணைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஆட்டோவில் வைத்தான். அதே ஆஸ்பத்திரி, அதே சொட்டு மருந்து. போன தடவை மருந்து ஏறி முடிந்ததும் கால் விரல் அசைந்தது. இந்தத் தடவை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிறுநீருக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சைக்கிளைப் பார்க்கிறார்கள். "பொம்பளப் புள்ள, அந்த மிதி மிதிச்சா நரம்பு தாங்குமா?" என்று சித்தி என் தலைமாட்டில் உட்கார்ந்தே சொன்னார். மணி அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டுவிட்டான். இதை எழுதும்போது அழுகிறான், எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சித்தி சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் அதிகமாகச் செய்தேன், அதனால் வந்தது. அப்படி இருந்தால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கையால் நடந்தது என்றாவது இருக்கும்.

நீ நடக்கிற கதையை இனிமேல் எழுதாதே.

நிலா


மரக்காணம்
18 டிசம்பர் 2024

மரியே வாழ்க

அக்கா,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் இங்கே புயல் அடித்தது. உப்பளம் முழுக்கக் கடலாகிவிட்டது. பாத்தி எங்கே, கழி எங்கே என்று தெரியவில்லை. ஓடு பறந்த வீட்டில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். மாமியார் ஜெபமாலை சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரை விடவில்லை. வாசலை மறித்து நின்றேன். "சார், தமிழ்நிலாக்காவுக்கு வந்தது அந்த சைக்கிளாலயா?" என்று கேட்டேன். அவர் இந்தத் தடவை நின்று பதில் சொன்னார். "இல்லம்மா. சைக்கிள் மிதிக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கும். அவங்களுக்கு வந்திருக்கிறது வேகமான வகை. மிதிச்சதால ஒடம்புல கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்குது, அதை வச்சுத்தான் இனிமே சமாளிக்கணும்."

கேட்டீர்களா அக்கா? உங்கள் மேல் தப்பு இல்லை. இதைச் சொல்லத்தான் ஓடி ஓடி எழுதுகிறேன். பொங்கல் கழிந்ததும் உங்களைப் பார்க்க வருகிறேன்.

மேரி


குயிலாப்பாளையம்
2 ஜனவரி 2025

மேரி,

காரணம் இல்லை என்று கேட்டு வாங்கிக் கொடுக்கவா வாசலை மறித்து நின்றாய்? என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதையும் எடுத்துக்கொண்டாய்.

நீ கழியில் மெதுவாக நடந்தாய், உனக்குக் கால் இருக்கிறது. நான் உயிரைக் கொடுத்து மிதித்தேன், எனக்கு இல்லை. இதற்கு உன் டாக்டர் என்ன சொல்வார்? வகை என்பார்.

வராதே.

நிலா


மரக்காணம்
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே என்று எழுதியும் வந்தேன். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன்.

வழக்கமாக ஆஸ்பத்திரிக்கு அவர் என்னை வேனில்தான் கூட்டிப்போவார். இந்தத் தடவை பஸ்தான். படி எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்டக்டர் "சீக்கிரம் ஏறும்மா" என்றார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என்னைத் தூக்கி ஏற்றினார். பெரிய முதலியார் சாவடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தோம். உங்கள் தம்பி வாசலுக்கு வந்து, "அக்கா தூங்குதுங்க" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாங்கள் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். டீ கொடுத்தார். அப்புறம் மறுபடியும் வந்து, "இன்னும் தூங்குதுங்க" என்றார். மாமியார் கொடுத்தனுப்பிய கருவாட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆட்டோவில் அவர் கேட்டார்: "ஏன் மேரி, நெஜமாவே தூங்கறாங்களா?" நான், "ஆமா. நல்லா தூங்கட்டும்" என்றேன்.

நடக்கிற கதை எழுதக்கூடாது என்றீர்கள். இது அந்தக் கதை இல்லை. என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. போன மாதத்திலிருந்து. எழுத்து கோணல் கோணலாக இருப்பது உங்கள் கண்ணால் இல்லை. புயல் தண்ணீர் வடிந்ததிலிருந்து கழியில் மறுபடியும் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தேன், சரியான அளவில், சரியான குளிர்ச்சியில். அப்படியும் அது வந்துவிட்டது. நீங்கள் அதிகமாகச் செய்ததால் உங்களுக்கு வரவில்லை. நான் அளவாகச் செய்ததால் எனக்கு வராமலும் போகவில்லை. என் வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் நாற்காலியைத் தேடுவார். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

மேரி


குயிலாப்பாளையம்
20 பிப்ரவரி 2025

என் மேரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மெதுவாகப் படி.

நான் தூங்கவில்லை. ஆட்டோ நின்ற சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வாசல் ஜல்லியில் நடந்து வந்தாய். உன் இடது கால் ஜல்லியில் இழுபட்டு, நின்று, மறுபடி இழுபட்டது. நீ மூச்சு வாங்கினதும் ஜன்னல் வழியே கேட்டது. இந்தக் காலின் மேலா பொறாமைப்பட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதாவது மணியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நீ போன பிறகு டீ கிளாஸ் இரண்டையும் கொண்டுவரச் சொல்லிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடு இல்லை.

உன் கையைப் பற்றி உன் வீட்டில் சொல். இன்றே சொல். உன் மாமியார் நாற்காலி போடமாட்டார். உனக்காகக் கழியில் இறங்கியவர் அவர். டாக்டரிடமும் போ, தள்ளிப்போடாதே. சீக்கிரம் மருந்து ஏற்றினால் கை திரும்ப வழி இருக்கிறது. எனக்குக் கால் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். போன மாதமே சொன்னார்கள். இதுவரை அதை எந்த வாக்கியத்திலும் சேர்த்து எழுதிப் பார்க்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

நேற்று மலர்கொடி மேடம் வந்தார். உன் கடிதம் வந்த பிறகு நான்தான் வரச் சொன்னேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கைகளை மட்டும் ஊன்றி மாறப் பழகவேண்டும் என்றார். இருக்கிற தூரம் ஒரு முழம். கையை ஊன்றினேன், தூக்கினேன், நடுவில் நின்றுபோனேன். மணி பிடிக்க வந்தான், "தொடாதடா" என்றேன். போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. சட்டையெல்லாம் வேர்வை. மேடம், "எவ்ளோ கஷ்டமா இருந்தது? பத்துக்கு எவ்ளோ?" என்று கேட்டார். சைக்கிள் மிதித்த காலத்தில் நான் எட்டுக்கு மேல் சொன்னதே இல்லை. "பத்து" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "சரி, இன்னொரு தடவை" என்றார். செய்தேன்.

எதற்காகச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை மேரி. நடப்பதற்கு இல்லை. அது முடிந்தது. ஜன்னல் பக்கம் போய் உட்காரலாம் என்று இருக்கலாம்.

நீயும் அவரும் மறுபடி வாருங்கள். உன் மாமியாரையும் கூட்டி வா. மணி வாசலுக்கு வந்து அக்கா தூங்குது என்று சொன்னால் நம்பாதே. அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வா.

நிலா